பொதுக் கலைக்கு ஆலோசனைக் குழு: படத்துக்கு முன்னால் சுவர்

ஜார்ஜ் டவுனின் லெபோ ஆர்மீனியன் தெருவில் அக்காளும் தம்பியும் சைக்கிளில் போகிற சுவரைத் தெரியாத பினாங்குக்காரர் இருக்க மாட்டார். 2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்தது. பிள்ளைகள் சாயம், சைக்கிள் நிஜம். சாயம் வெயிலிலும் கை பட்டும் தேய்கிறது. சைக்கிள் துருப்பிடிக்கிறது, படம் எடுக்க வருகிறவர்கள் ஏறி உட்கார உட்கார, சுவரில் பிடித்திருக்கிற போல்ட்டு ஆட்டம் கொடுக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, வைத்தியரும் வேறு. சுவரோ மூன்றாவது ஒருவருடைய சொத்து.

இப்படி ஒரு ஊரில் பொதுக் கலைக்கென்று மாநகர் மன்றம் ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், பலர் மனத்தில் வருவது நடுவர் குழுதான்: நாலு ஓவியர், ஒரு பேராசிரியர், மேசையில் பத்துப் படம், எது நல்லது என்று கை தூக்குவது. அது இந்த வேலையில் கால்வாசிகூட இல்லை. சுவர் யாருடையது, பணம் எங்கிருந்து, யார் பராமரிப்பது, எப்போது எடுப்பது என்ற நான்கையும் தூரிகை சுவரில் படுவதற்கு முன்பே எழுதி வாங்குவதுதான் குழுவின் முதல் வேலை.

சட்டத்தில் தடை ஏதும் இல்லை. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் மாநகர் மன்றம் தன் வேலைகளுக்குக் குழுக்களை நியமித்துக்கொள்ள இடம் தருகிறது. மன்றத்தின் முழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம், அதோடு குழுவின் வேலையையும் எல்லையையும் சொல்கிற இரண்டு பக்கத் தெர்மா ருஜுகான், அவ்வளவு போதும். துணைச் சட்டம் இயற்றிப் பலமாகத் தொடங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், காலம் இழுக்கும். முதல் இரண்டு வருடம் தீர்மானத்தோடு ஓட்டிவிட்டு, எந்த விதி நடைமுறையில் நிற்கிறது என்று பார்த்த பிறகு துணைச் சட்டத்துக்குப் போவதே நல்லது.

அந்த இரண்டு பக்கத்தில் மூன்று வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும். மன்றத்தின் நிலத்திலோ மன்றத்தின் பணத்திலோ வைக்கப்படுகிற எதுவும், யுனெஸ்கோ பாரம்பரிய வட்டாரத்தில் தெருவைப் பார்த்த சுவரில் வருகிற எதுவும், அனுமதிக் கடிதமோ முதல் தவணைப் பணமோ போவதற்கு முன் குழுவுக்கு வர வேண்டும். முழுமையான கோப்பு கைக்கு வந்த 30 நாளில் குழு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மன்றம் அந்த ஆலோசனையை ஏற்காவிட்டால் காரணத்தைக் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும். மூன்றாவது வாக்கியத்தை அதிகாரிகள் மென்மையாக வெட்டப் பார்ப்பார்கள், விடக் கூடாது. அது போனால் மாதம் ஒரு முறை தே தாரிக் குடித்துக் கலைகிற கூட்டம்தான் மிஞ்சும்.

நியூயார்க்கில் 1898-இலேயே இப்படி ஒரு குழு வந்துவிட்டது. நகர நிலத்தில் நிரந்தரமாக எது எழும்பினாலும் அதன் ஒப்புதல் வேண்டும். உறுப்பினர் 11 பேர். அதில் ஓவியர், சிற்பி, கட்டடக் கலைஞரோடு, கலைத் தொழிலில் இல்லாத பொதுமக்கள் மூவரும் உண்டு. நாம் பேசுகிற குழுவுக்கு அந்த அதிகாரம் இருக்காது, ஆலோசனை மட்டும்தான். ஆகவே நேரம்தான் அதன் கையில் இருக்கிற ஒரே ஆயுதம். பணம் போன பிறகு கோப்பு வந்தால் ஆலோசனை புலம்பலாகிவிடும்.

ஆள் எண்ணிக்கை ஒன்பது போதும், ஐந்து பேர் வந்தால் கூட்டம் நடக்கும். பழைய கட்டடம் தெரிந்த கட்டடக் கலைஞர் ஒருவர், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர், இப்போதும் கையில் வேலை வைத்திருக்கிற கலைஞர் இருவர், பதிப்புரிமை அறிந்த வழக்கறிஞர் ஒருவர், வட்டாரத்தில் குடியிருப்பவரோ கடை வைத்திருப்பவரோ இருவர், மாற்றுத்திறனாளி ஒருவர், பல மொழி எழுத்தையும் சரிபார்க்க ஏற்பாடு செய்யக்கூடிய ஒருவர். மன்றத்தின் பொறியியல், திட்டமிடல், நிலவனப்புத் துறை அதிகாரிகள் உட்காரலாம், வாக்கு வேண்டாம். மன்ற உறுப்பினர்கள் இங்கே தேர்தலில் வருவதில்லை. பினாங்கில் ஆண்டுதோறும் ஜனவரியில் நியமனம் பெறுகிறார்கள். குழுவின் காலத்தையும் அதோடு சேர்த்துக் கட்டினால் ஒவ்வொரு ஜனவரியிலும் பாதிக் கோப்பு அனாதையாகும். இரண்டு வருடம் என்று வைத்து, வருடத்துக்குப் பாதிப் பேர் மட்டும் மாறட்டும். குழுவில் இருக்கிற காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் உறுப்பினருக்கோ அவர் காட்சிக்கூடத்தில் விற்கிற கலைஞருக்கோ மன்றத்தின் வேலை கிடையாது என்பதையும் சேர்த்துவிட வேண்டும். ஊர் சின்னது. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்.

இனி சுவர். ஜார்ஜ் டவுன் கடைவீட்டின் சுவர் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. அது ஈரத்தைக் குடித்து வெளியே விடுகிற சுவர். நிலத்திலிருந்து ஏறுகிற நீர் உப்பையும் சுமந்துகொண்டு மேலே வரும், பூச்சின் வழியாக ஆவியாகும். அதன் மேல் சாதாரண அக்ரிலிக் சாயத்தைக் கெட்டியாகப் பூசினால் பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி. ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு சாயத்துக்குப் பின்னால் படிந்து பூச்சைத் தள்ளும். இடுப்பளவு உயரத்தில் முதல் கொப்புளம் தெரியும். பிறகு சாயம் தனியாக உரிவதில்லை, பூச்சையும் பிடுங்கிக்கொண்டு விழும். அது ஓவியத்தின் சேதம் இல்லை, கட்டடத்தின் சேதம். 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்து இடம்பிடித்தவை இந்தக் கட்டடங்கள்தாம், அவற்றின் மேல் இருக்கிற படங்கள் அல்ல.

ஆகவே விண்ணப்பத்தோடு ஈரச் சோதனையும் வர வேண்டும். கான்கிரீட் தரைக்குச் செய்கிற பழைய முறையே சுவருக்கும் உதவும்: ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பு ஒட்டி இறுக்கி 16 மணி நேரம் விடுவது. உட்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் அந்தச் சுவரில் அக்ரிலிக் வேண்டாம். தரையிலிருந்து ஓரடி, மூன்றடி, ஆறடி என்று மூன்று உயரத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். மேலே மட்டும் ஒட்டிவிட்டு சுவர் காய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் வழக்கமான ஏமாற்று. கனிமச் சிலிகேட் சாயமோ சுண்ணாம்புச் சாயமோ என்றால் சுவர் மூச்சு விடும். விலை கூடும், வண்ணமும் அக்ரிலிக் அளவுக்குப் பளிச்சிடாது. கலைஞர்கள் முகம் சுளிப்பார்கள். புதிதாகச் சுண்ணாம்பு பூசிய சுவராக இருந்தால் குறைந்தது நான்கு வாரம் ஆறவிட வேண்டும்.

பினாங்கில் மழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபர். காய்ந்த மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி. அப்படியென்றால் சாரம் கட்டுவது பிப்ரவரியில். மன்றத்தின் வரவுசெலவு ஜனவரியில் தொடங்குவதால், அந்த வருடப் பணம் அந்தப் பிப்ரவரிக்கு எட்டாது. முந்தைய வருடத்திலேயே பணம் ஒதுக்கி, ஆகஸ்டில் வரைவு பார்த்து, நவம்பரில் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தவறவிட்ட வேலைதான் அக்டோபர் மழையில் தார்ப்பாய்க்குள் நடக்கும்.

சுவரின் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது அதைவிட இழுக்கிற காரியம். வாடகைக்கு இருப்பவர் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது. இங்கே எத்தனையோ வரிசை வீடுகள் தனியாளுடையவை அல்ல: கொங்சி என்கிற சீனக் குலச் சங்கத்தின் சொத்து, வக்ஃப் நிலம், கோயில் அறக்கட்டளை, பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் பொறுப்பில் இருப்பவை. கையெழுத்து அறங்காவலர்களிடமிருந்து வர வேண்டும், அவர்கள் கூடுவதோ இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. பக்கத்து மனை காலியாக இருப்பதால்தான் அந்தப் பக்கச் சுவர் தெரிகிறது என்றால், மனைக்காரர் நாளை கட்டடம் எழுப்ப உரிமை உள்ளவர். அந்தப் படத்துக்கு ஆயுசு ஐந்து வருடம் என்று முதலிலேயே எழுதிவிட்டால் பிறகு கூச்சல் இல்லை.

லிட்டில் இந்தியா பக்கம் வந்தால் தேர் வழி ஒன்று இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபோ பினாங்கில் உள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும். அந்த வழியில் தெருவின் குறுக்கே எதையும் தொங்கவிட முடியாது. சுவரிலிருந்து வெளியே நீட்டுகிற கம்பிச் சிற்பத்தின் உயரத்தையும் நீட்டத்தையும் தேர்க் கமிட்டியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். தரையில் ஓடு பதித்து ஓவியம் செய்யலாம் என்று வருகிற யோசனைக்கு ஒரே பதில் தேங்காய். ரதத்துக்கு முன்னால் மலை மலையாகக் குவித்து உடைக்கிற தெருவில் எந்தப் பீங்கான் ஓடும் ஒரு வருடம் தாங்காது. ஓட்டைச் சுற்றிய பூச்சில் தேங்காய்த் தண்ணீரும் எண்ணெயும் இறங்கிக் கறுத்துப்போகும்.

இரும்புக் கம்பிச் சித்திரங்கள் இங்கே 50-க்கும் மேல் இருக்கின்றன, தெருவின் கதையைச் சொல்கிற கேலிப் படங்களாக. அதைப் பார்த்துப் புதிதாகச் செய்கிறவர்கள் சாதாரண இரும்பில் கறுப்புச் சாயம் அடித்துக் கொண்டுவருகிறார்கள். கடற்காற்று உப்புக்கு அது இரண்டே மழை. துருநீர் வழிந்து சுண்ணாம்புச் சுவரில் காவிக் கோடு போடும், அது எளிதில் போகாது. கடலை ஒட்டிய தெருக்களுக்கு 316 ரக எவர்சில்வர், இல்லாவிட்டால் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு என்று எழுதிக் கேட்க வேண்டும். எவர்சில்வர்ச் சிற்பத்தைச் சாதாரண இரும்பு போல்ட்டால் மாட்டினால் போல்ட்டு முதலில் தின்னப்படும். இடையே நைலான் வாஷர் போட வேண்டும். பழைய செங்கலில் விரிந்து இறுகுகிற போல்ட்டு அடித்தால் கல் பிளக்கும். இரசாயனப் பசை ஊற்றிய ஆணியே சரி, அதுவும் மூன்றை முதலில் மாட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்றவை.

தமிழ் எழுத்து வருகிற வேலைகளுக்குத் தனி எச்சரிக்கை. பட்டறைக் கணினியில் தமிழ் எழுத்தமைப்பு சரியாக ஓடாவிட்டால் ‘கோயில்’ என்பதில் இரட்டைக் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதை வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாது, அவர் மேல் குற்றமும் இல்லை. கோப்பு பட்டறைக்குப் போகும்போது எழுத்துரு எழுத்தாக அல்ல, கோட்டுருவமாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். முழு அளவில் தாளில் அச்சடித்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எஃகுத் தகட்டில் தனித்தனி எழுத்தாக வெட்டினால் புள்ளி அந்தரத்தில் நிற்கும். பிடிமானம் கொடுக்காமல் பசையால் ஒட்டிய புள்ளி விழுந்துவிட்டால் ‘தமிழ்’ ‘தமிழ’ ஆகிவிடும். தகட்டில் எழுத்தைத் துளையாக வெட்டினால் க-வின் வயிறு கழன்று கீழே விழும். அங்கே 3 மில்லிமீட்டர் பாலம் விட்டு வெட்டச் சொல்ல வேண்டும். ஐந்து மொழியில் எழுதுகிற ஊரில் எந்த மொழியில் பிழை வந்ததோ அந்த மொழிக்காரர்தான் ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போகிறவர்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிலடெல்பியா 1959-இல் தொடங்கிய ஒரு சதவீத முறையை, அதாவது கட்டுமானச் செலவில் நூற்றில் ஒன்றைக் கலைக்கு ஒதுக்குவதை, எல்லாரும் சொல்வார்கள். பாரம்பரிய வட்டாரத்துக்குள் பெரிய கட்டுமானம் குறைவு, பணம் சேர்வது தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ் பக்கம். ஆகவே பணத்தை ஒரே நிதியில் போட்டு எங்கும் செலவிடலாம் என்று விதி இருக்க வேண்டும். செபுத் ஹர்கா, அதாவது விலைப்புள்ளி கேட்டு மலிவானவரை எடுப்பது சாயம் அடிக்கிற வேலைக்குச் சரி. ஓவியத்துக்கு அது ஒத்துவராது. மூவரைத் தெரிந்தெடுத்து, மூவருக்கும் வரைவுக்குக் கூலி கொடுங்கள். 40,000 ரிங்கிட் வேலையை இப்படிப் பிரிக்கலாம்: கலைஞருக்கும் சாயத்துக்கும் 24,000, சாரமும் சுவர் தயாரிப்பும் 8,000, தேர்வாகாத இருவரின் வரைவுக்கு 3,000, ஐந்து வருடப் பராமரிப்புக்கு 5,000. கடைசித் தொகையைத்தான் எப்போதும் வெட்டுவார்கள்.

ஒப்பந்தத்தில் கலைஞர்கள் பலரும் கவனிக்காத ஒன்று: 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போய்ச் சேரும். சட்டை, காந்த வில்லை, அஞ்சலட்டை என்று படம் விற்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பெயர் போடும் உரிமையும், படத்தைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுக்கக் கூடாது என்று கேட்கும் உரிமையும் கலைஞரிடமே இருக்கும்.

எடுப்பதற்கும் விதி வேண்டும். நியூயார்க்கில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981-இல் நிறுத்திய 120 அடி நீள எஃகுச் சுவரை, வழியை மறிக்கிறது என்ற புகாரால், விசாரணை வழக்கு எல்லாம் முடிந்து 1989-இல் பிரித்தெடுத்தார்கள். ஜொகூர் பாருவில் 2013-இல் லெகோ பொம்மைத் திருடன் கத்தியோடு நிற்கிற படத்தை நகராட்சி வெள்ளையடித்தது. ஒன்றுக்கு எட்டு வருடம், மற்றதற்கு ஒரு வாளிச் சாயம். நடுவில் ஒரு முறை இருக்கலாம்: அபாயம் என்றால் பொறியாளர் சொன்ன அன்றே இறக்கலாம், மற்ற புகார்களுக்குக் கலைஞருக்கும் சுவர்க்காரருக்கும் 60 நாள் அறிவிப்பு, குழுவில் ஒரு திறந்த கூட்டம், எடுப்பதற்கு முன் முழுப் புகைப்படப் பதிவு. பிடிக்கவில்லை என்பது மட்டுமே காரணமாக வருகிற புகாரை முதல் இரண்டு வருடம் ஏற்க வேண்டாம்.

குழு கூடிய முதல் ஆறு மாதம் புதிதாக ஒன்றுக்கும் ஆலோசனை சொல்லாமல் இருப்பதை நாம் ஆதரிப்போம். அந்த ஆறு மாதமும் இருப்பதை எண்ணட்டும். லெபோ சூலியாவிலிருந்து லெபோ பசார் வரை, கடைவீடுகளின் முன்னால் ஓடுகிற அஞ்சடி நடைபாதை வழியே நடந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அளவு, பொருள், சுவர்க்காரர், வைத்த வருடம், போல்ட்டு ஆடுகிறதா, தரையிலிருந்து எத்தனை அடியில் கொப்புளம் என்று ஓர் அட்டை. ஓர் ஏணி, அளவு டேப்பு, கைப்பேசி, இரண்டு ஆள். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை முடிந்து நவம்பர் கடைசியில் இன்னொரு தடவை.