தட்டோரம் கிடந்த கொட்டைகள்

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். பத்து முட்டை இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் 203 என்று எழுதியிருந்தது. டோக்கியோவில் இந்த ஷேர் ஹவுஸுக்கு நான் குடிவந்த முதல் ராத்திரி அது. பால் டப்பா, பாதி நறுக்கிய வெங்காயம், தயிர்க் கிண்ணம் என்று எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அறை எண். யாரையும் சந்தேகப்பட்டு எழுதியதில்லை, இங்கே இதுதான் வழக்கம் என்பது பிற்பாடு புரிந்தது. அன்றைக்கு என்னவோ சுருக்கென்றது. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் கேட்டு வாங்கிவந்து வளர்ந்தவள் நான். முட்டைக்கு நம்பர் போட எனக்குக் கை வரவில்லை.

ஏழு பேர் இருக்கிறோம். ஒரே அடுப்படி, ஒரே மேசை. ஆளுக்கொரு நேரத்தில் வந்து, ஆளுக்கொரு சின்னப் பாத்திரத்தில் சமைத்து, மேசையைப் பளிச்சென்று துடைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். தங்கமான மனிதர்கள். மழை வந்தால் என் துணியையும் சேர்த்து உள்ளே எடுத்து வைப்பார்கள். ஆனால் "சாப்பிட்டியா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. ரயில் நெரிசல், குளிர், விடுமுறைக்கு ஊர் போக முடியாதது எல்லாமே எனக்குப் பழகிவிட்டன. இது மட்டும் பழகவே இல்லை.

அலுவலகத்தில் ஒரு நாள் இதைச் சொல்லிப் புலம்பியபோது, கூட வேலை செய்கிறவர் ஒரு பழைய டிவிடி பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். 'சுய்கா' என்ற தொடர். சுய்கா என்றால் தர்ப்பூசணி. 2003 கோடையில் நிப்பான் டிவியில் வந்தது, மொத்தம் பத்தே பகுதிகள். எழுதியது கிசாரா இசுமி. அது ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். ஒளிபரப்பானபோது அதிகம் பேர் பார்க்கவில்லை. ஆனால் திரைக்கதைக்கான முகோடா குனிகோ விருது அதற்குத்தான் கிடைத்தது.

கதாநாயகி மோதோகோவுக்கு 34 வயது. கடன் சங்கம் மாதிரி ஒரு சின்ன வங்கியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருக்கிறாள். மேற்கொண்டு நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். அவளுடைய தோழி பாபா-சான் அதே வங்கியில் 30 கோடி யென்னைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அந்த அதிர்ச்சியில் மோதோகோ முதல்முறையாக வீட்டை விட்டுக் கிளம்பி, டோக்கியோவின் சாங்கென்ஜாயா பகுதியில் ஒரு பழைய விடுதியில் அறை எடுக்கிறாள்.

சாங்கென்ஜாயா என்றால் மூன்று தேநீர்க் கடைகள். ஷிபுயாவிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன்தான். தொடரைப் பார்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், செதகயா லைனின் இரண்டு பெட்டி டிராமில் ஏறி, அந்த வீடு மாதிரி ஏதாவது கண்ணில் படுமா என்று சந்து சந்தாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஏனென்றால் அந்த வீட்டில் காலையும் இரவும் சாப்பாடு போடுகிறார்கள். அறையும் சாப்பாடும் சேர்ந்த இப்படிப்பட்ட இடத்துக்கு கெஷுகு என்று பெயர். இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் யுகா என்கிற சின்னப்பெண் சமைக்கிறாள். காமிக்ஸ் வரைகிற கிசுனா, வருடக்கணக்காக அங்கேயே இருக்கும் பேராசிரியை, மோதோகோ எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். சோறு, மிசோ சூப், ஊறுகாய். கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நான் அந்தச் சாப்பாட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பகுதியில் தலைமறைவாக இருக்கும் பாபா-சான், அந்த வீட்டுக்கு வந்துபோனதை மோதோகோவிடம் சொல்கிறாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பாத்திரங்கள் அங்கே இருந்தன. ஒவ்வொருவர் பாத்திரத்திலும் ஓர் உமேபோஷி ஊறுகாய்க் கொட்டை. அதைப் பார்த்ததும், வாழ்வது என்றால் இதுதானே என்று தோன்றி அவளுக்கு அழுகை வந்துவிட்டதாம். 30 கோடியை எடுத்துக்கொண்டு ஓடியவள், சப்பிப் போட்ட நாலு கொட்டையைப் பார்த்து அழுகிறாள்! என் ஜப்பானிய மொழிக்குச் சரியாகத்தான் எட்டியதா என்று அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் அழுதேன்.

உமேபோஷி வேறு ஒன்றுமில்லை, இவர்களுடைய மாவடு. ஜூன் மழையில் பழுக்கும் உமே என்கிற பிளம் மாதிரிக் காயை உப்பில் ஊறப் போட்டு, சிவப்பு ஷிசோ இலை சேர்த்து, மழை விட்டதும் மூன்று நாள் வெயிலில் காயவைக்கிறார்கள். சுருங்கிச் சுருங்கி, கடித்தால் உச்சிவரை ஏறும். நாம் உப்போடு விளக்கெண்ணெயும் கடுகுப்பொடியும் மிளகாயும் சேர்க்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. எந்தக் கிழமை எந்தக் குப்பை என்பது தலைகீழ்ப் பாடம். நல்லாப் பழகிடுச்சு என்றுதான் அம்மாவிடம் சொல்கிறேன். சொல்லி போனை வைத்ததுமே மன்னார்குடி வீட்டுக் கூடம் வந்துவிடும். பங்குனியில் குட்டி வடுவாகப் பொறுக்கி எடுத்து, ஜாடி வாயில் வெள்ளைத் துணி கட்டி, தினமும் குலுக்கிவிடும் அம்மாவின் கை.

போன தடவை ஊரிலிருந்து கொண்டுவந்த மாவடு பாட்டிலை நேற்று ராத்திரி மேசைமேல் வைத்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 203 வந்தார், என் அம்மா வயது இருக்கும். அது என்ன என்று கேட்டார். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கடித்ததும் ஒரு கண்ணை இறுக மூடினார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய அம்மா உமே காயவைக்கும் மூங்கில் தட்டைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். பாதிதான் புரிந்தது. தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் போன பிறகு பார்த்தேன். அவர் தட்டில் ஒரு கொட்டை, என் தட்டில் இரண்டு. பாட்டிலை உள்ளே வைத்தேன், எண் எழுதவில்லை. தட்டுகளை எடுக்க மனசு வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "கை காய்ஞ்சு போச்சு பாரு, சப்பினது போதும், எழுந்து கழுவு" என்று கொல்லைப்பக்கத்திலிருந்து அம்மா அதட்டுகிற மாதிரி இருந்தது.