கரெக்‌ஷன்வில்: கூடைப்பந்தில் ஜெயித்த குட்டி ஊர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கும் சூ சிட்டியிலிருந்து கரெக்‌ஷன்வில் சுமார் 50 கிலோமீட்டர்தான். அதற்கு 130 டாலர் கறந்துவிட்டார் டாக்ஸி டிரைவர்! திரும்பி வர சவாரி கிடைக்காதாம், அந்தக் காசையும் என் தலையில் கட்டிவிட்டார். நம்மூர்க் கணக்கில் 11,000 ரூபாய்க்கு மேல். எனக்குத் தோதாக பஸ்ஸும் கிடைக்கவில்லை. அயோவாவின் சின்ன ஊர்களைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து நாலு பேராகச் சேர்ந்து காரை வாடகைக்கு எடுங்கள்.

வழி, செலவு, தங்குமிடம் என்று வரிசையாகத்தான் எழுத நினைத்தேன். ஆனால் மனசு முழுக்க இந்த ஊர்ப் பெண்கள்தான் இருக்கிறார்கள். அயோவாவில் உயர்நிலைப்பள்ளிப் பெண்களுக்கான முதல் மாநிலக் கூடைப்பந்துப் போட்டி 1920இல் டெ மாயின் நகரில், ட்ரேக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பட்டம் வென்றது கரெக்‌ஷன்வில். இன்றைக்கும் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர்! அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வந்ததே அதே வருஷம்தான்.

ஊரைச் சுற்றிலும் சோளக்காடும் சோயாவும். மெயின் ரோட்டில் நடந்தால் ஒரு இடத்தில் தெரு சட்டென்று பக்கவாட்டில் விலகிப் போகிறது. பூமி உருண்டை என்பதால், நில அளவைக்காரர்கள் தெற்கு வடக்காகப் போட்ட கோடுகள் வடக்கே போகப் போக நெருங்குமாம்; அதைத் திருத்திய இடமாம் அது.

மத்தியானம் ஒரு சின்ன ஓட்டலில் போர்க் டெண்டர்லாயின் (பன்றியிறைச்சி) சாண்ட்விச். இறைச்சியைத் தட்டித் தட்டி அகலமாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள். நாலு பக்கமும் பன்னுக்கு வெளியே அப்பளம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கடித்தால் மொறுமொறு, உள்ளே பஞ்சு. 12 டாலருக்கு ராத்திரிச் சாப்பாடும் சேர்ந்து முடிந்தது. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுசாகத் திருப்தி தந்தது இதுதான்.

பக்கத்து மேசைப் பாட்டியிடம் கூடைப்பந்து என்று வாயெடுத்தேன், அவ்வளவுதான். மேசை நடுவே கத்தியைக் கோடாக வைத்து, இந்தப் பக்கம் மூன்று சர்க்கரைப் பொட்டலம், அந்தப் பக்கம் மூன்று என்று அடுக்கிவிட்டார். ஒரு அணிக்கு ஆறு பேர்: மூன்று ஃபார்வர்டு (தாக்குபவர்கள்), மூன்று கார்டு (தடுப்பவர்கள்). யாரும் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தரையில் தட்டக்கூடாது. ஃபார்வர்டுகள் மட்டும்தான் கூடையில் போடலாம். பாட்டி கார்டு. “பள்ளிக்கூடம் முடியுறவரை ஒரு பாயின்ட்கூட எடுக்கலை. என் பக்கம் வந்தவங்களையும் லேசில் எடுக்க விடலை” என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

பெண்கள் அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்ற நினைப்பில் பிறந்த விதிகள் இவை. 1923இல், பின்னாளில் அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்த லூ ஹென்றி ஹூவர் தலைமையில் உருவான தேசிய அமைப்பு, பெண்கள் பள்ளிக்குப் பள்ளி மோதும் போட்டிகளே வேண்டாம் என்றது. அவர் பிறந்ததே அயோவாவின் வாட்டர்லூவில்! 1925இல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கமும் பெண்கள் போட்டியைக் கைகழுவியது. மிஸ்டிக் என்ற சுரங்க ஊரின் பள்ளி அதிகாரி ஜான் ஏகன்ஸ் எழுந்து, இந்த ஆட்டத்தை ஒழிக்கப் பார்த்தால் தண்டவாளத்து நடுவில் நின்று ரயிலில் அடிபடுவீர்கள் என்று எச்சரித்தார். சின்ன ஊர்ப் பள்ளிகள் பிரிந்துபோய்ப் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் கண்டன. பெரிய நகரத்துப் பள்ளிகள் பிள்ளைகளைக் கைவிட்டன. பட்டிக்காடுகள்தான் விடாமல் பிடித்துக்கொண்டன. நாகரிகம் நகரத்தில்தான் என்று இனி யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

அயோவாவில் ஆறு பேர் ஆட்டம் 1993 வரை நடந்தது. 1968 மாநில இறுதிப் போட்டியில் யூனியன்-விட்டன் அணி எவர்லியை 113–107 என்று வென்றது. வென்ற அணியில் ஆடிய டெனீஸ் லாங்கை அடுத்த வருஷமே, ஆண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணி டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுத்தது.

தங்குவதற்குச் சூ சிட்டியே மேல், மோட்டல் அறைகள் மலிவு. டெ மாயின் போனால் மாநில வரலாற்று அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். அனுமதி இலவசம்.