எலு இலையும் சாம்பல் நீரும்: ஓஷோக்போ சாயக்கொட்டகை நாட்குறிப்பு

சனவரி 9, 2025, வியாழன்

ஹர்மட்டான் இறங்கிவிட்டது. சகாராப் புழுதியைச் சுமந்து வரும் இந்த வறட்டுக் காற்றில் உதடு வெடிக்கும், ஆனால் கஞ்சி தடவிய துணி மளமளவென்று காயும். நைஜீரியாவின் தென்மேற்கிலுள்ள இந்த யொருபா நாட்டில், துணியில் கோலம் போட்டு நீலச் சாயமேற்றும் அடிரே வேலைக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது.

இன்று முழுக்கச் சாம்பல் வேலை. அடிரே என்றதும் எல்லோரும் துணியிலுள்ள கோலத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். நீலம் ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிப்பதோ சாம்பல். கோக்கோ காயின் தோடும் பச்சை விறகும் எரித்த சாம்பலைச் சலித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கைக்கு அடங்கும் உருண்டைகளாகப் பிடித்து, மண் சூளையில் மறுபடியும் சுடுவார்கள். எரிந்த சாம்பலை மறுபடி ஏன் சுட வேண்டும்? முதல் எரிப்பில் தப்பிய கரி அதில் இருக்கும். அது போனால்தான் எடைக்கு எடை காரம் கூடும். உருண்டையை உடைத்தால் உள்ளே வெளிறியிருக்க வேண்டும். நடுவில் கறுப்பு தெரிந்தால் திரும்பச் சூளைக்கு.

சனவரி 11, சனி

சாம்பலிலிருந்து காரநீர் வடிக்கும் நாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெரிய மண்பானைகள். மேல்பானையின் அடியில் ஓட்டைகள் இருக்கும். அவற்றின்மேல் குச்சியும் நாரும் பரப்பி, சுட்ட உருண்டைகளை நொறுக்கிப் புதுச் சாம்பலோடு கலந்து நிரப்பியாகிவிட்டது. தண்ணீரைச் சிறுகச் சிறுகத்தான் விட வேண்டும். குடத்தைக் கவிழ்த்தால் அது சாம்பலுக்குள் ஒரு வாய்க்கால் போட்டுக்கொண்டு நேரே ஓடிவிடும், கீழே சேர்வது வெறும் கலங்கல்தான்.

முதலில் இறங்குவது தேநீர் நிறத்தில், நல்ல காரத்தோடு இருக்கும். போகப் போக வெளிறும். விரலிடையில் தேய்த்தால் வழுவழுக்க வேண்டும். பழைய கைகள் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். புதிதாகக் கற்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம், வாய் வெந்துவிடும். காகிதச் சோதனையில் பிஎச் 10க்கும் 11க்கும் நடுவில் நின்றால் போதும்.

இதே காரநீரைப் பனைக்கொட்டை எண்ணெயோடு காய்ச்சினால் ஓஷே துதூ என்ற கருஞ்சோப்பு. சாயம், சோப்பு, மண்பானை ஆகிய பெண்களின் தொழில்கள் எல்லாவற்றுக்கும் காவல்தெய்வம் ஒருத்திதான், இயா மாப்போ. அவளுக்கான பெரிய சிற்பம் இவ்வூரின் ஓஷுன் புனிதக் காட்டில் இருக்கிறது. ஆஸ்திரியாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சூசன் வெங்கரும் உள்ளூர்க் கைவினைஞர்களும் எழுப்பியது. 2005இல் அந்தக் காடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சாயத் தொட்டி கெட்டுப்போனால் காரம் குறைந்ததா என்று பார்ப்பதும் இயா மாப்போவுக்குப் படைப்பதும் இங்கே ஒரே மூச்சில் நடக்கும். எனக்கு அதில் முரண் தெரியவில்லை.

சனவரி 12, ஞாயிறு

எலு சேர்த்தாயிற்று. எலு ஒரு காட்டுக்கொடி, நீலம் தருவது அதன் இலைதான். இளந்தளிர்களை உரலில் இடித்து, கறுத்த விழுதை உருட்டி வெயிலில் உலர்த்திச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். உடைத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. உள்ளே நீலம் கலந்த கறுப்பு இருந்தால் நல்ல சரக்கு. பழுப்பாக நார் நாராக உதிர்ந்தால் முற்றிய இலையைச் சேர்த்திருக்கிறார்கள்.

நம் அவுரியும் இதுவும் வேறு வேறு செடிகள், தரும் நீலம் ஒன்றே. அவுரியைத் தொட்டியில் ஊறவைத்து, அடித்து, படிந்த வண்டலை வில்லையாக்குவார்கள். இங்கே இலை முழுசாகவே பானைக்குள் போகிறது. நொதிக்க வைக்கும் நுண்ணுயிரும் அதற்கான தீனியும் இலையோடே வந்துவிடுவதால் வெல்லமோ தவிடோ தேவைப்படுவதில்லை.

உருண்டைகளை நொறுக்கி, காரநீரை ஊற்றி, மூடி, நிழலில் வைத்தாயிற்று. நாளுக்கு ஒருமுறை மெல்லக் கிளறினால் போதும். கடைந்தால் காற்று புகுந்து எல்லாம் பாழ்.

சனவரி 14, செவ்வாய்

தொட்டி நொதிக்கட்டும், அதற்குள் எழுத்து வேலை. கட்டிச் சாயமிடுவது அடிரே ஓனிக்கோ, தைத்துச் சாயமிடுவது அலாபெரே. சாயம் ஏறாமல் தடுக்கக் கஞ்சியால் எழுதுவது எலெக்கோ, இன்றைய வேலை அதுதான்.

கஞ்சிக்கு லாஃபுன் என்ற மரவள்ளி மாவு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, படிகாரமும் சிறிது மயில்துத்தமும் சேர்த்து, கிண்டிக்கொண்டே காய்ச்சி, சூட்டோடு துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு சின்னக் கட்டி தப்பினாலும் எழுதும் இறகு இழுபட்டுக் கோடு கோணும். படிகாரம் காய்ந்த கோட்டை உதிராமல் பிடித்துக்கொள்ளும். மயில்துத்தம் பூஞ்சணத்தைத் தடுப்பதோடு, சாயம் கோட்டைத் தொட்ட இடத்திலேயே ஆக்சிஜனேறி நிற்கவும் உதவும். பதம் பார்க்க ஓரத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பரவினால் நீர்த்துவிட்டது. நடுவில் அறுந்தால் இறுகிவிட்டது.

துணி 36 அங்குல அகல மில் வெள்ளைத்துணி, இரண்டரை கஜமாக இரண்டு துண்டுகள். கடைசியில் இரண்டையும் நடுவில் மூட்டினால் ஒரு இடுப்புத்துணி. தடித்த கைத்தறியில் இவ்வளவு மெல்லிய கோடு நிற்காது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மான்செஸ்டர் வெள்ளைத்துணி மலிவாகக் குவிந்த பிறகே எலெக்கோ தழைத்தது. “பழங்காலத்துக் கலை” என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

எழுதுகோல் கோழி இறகு. நேர்க்கோட்டுக்கு ஓலை ஈர்க்கு. துணியை மடித்துக் கட்டங்கள் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு உருவம். இன்று எழுதுவது இபாதான்துன், ‘இபாதான் இனிமை’ என்ற கோலம். இபாதான் நகரில் 1929இல் திறந்த மாப்போ மண்டபத்தின் தூண்களும் தூண்களுக்கிடையே கரண்டிகளும் இதன் அடையாளம். அபெயோகூட்டா நகரில் ஆண்கள் வெட்டும் துத்தநாகத் தகட்டு அச்சால் கஞ்சி தேய்ப்பதும் உண்டு. பிரிட்டிஷ் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் 1935 வெள்ளிவிழாப் படம் துணிக்கு வந்தது அவ்வழியில்தான். அச்சு வேகமானது, ஆனால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கையின் போக்கு மாறுவதை அதில் பார்க்க முடியாது. என் வாக்கு இறகுக்குத்தான்.

எழுதுவது ஒரு பக்கம் மட்டும். இதை மறந்துவிடக் கூடாது.

சனவரி 16, வியாழன்

தொட்டி தயார். மேலே நீல நுரை, செம்புப் பளபளப்போடு ஒரு ஏடு, அதை விலக்கினால் கீழே மஞ்சள்பச்சை நீர். வாடை கடுமைதான், ஆனால் அழுகல் நாற்றமில்லை. அழுகினால் காரம் போதவில்லை, கெட்டியான காரநீர் கொஞ்சம் விட வேண்டும். நாள் கடந்தும் நீர் நீலமாகவே நின்றால் நொதிப்பு தொடங்கவில்லை: காரம் மிகுந்து நுண்ணுயிரைக் கொன்றிருக்கும், அல்லது இரவுக் குளிர் அதை முடக்கியிருக்கும்.

இந்தக் காத்திருப்பைச் சுருக்கத்தான் காஸ்டிக் சோடாவும் செயற்கை நீலமும் வந்தன. அளவு தவறினால் துணி இற்றுப்போகும். அபெயோகூட்டாத் துணிக்குக் கெட்ட பெயர் வந்தபோது, 1936இல் அந்நகரின் அரசர் (பட்டம் அலாக்கே) இரண்டாம் அடெமோலா சோடா, செயற்கை நீலம் இரண்டையும் தடை செய்தார். சாயக்காரப் பெண்கள் பணியவில்லை. பொருளாதார மந்தநிலைக் காலத்தில் நேரமும் விறகும் மிச்சமாவது அவர்களுக்குப் பெரிய விஷயம். தரம் கெட்டதற்குச் சோடாவை மட்டும் பழி சொல்வதை நானும் ஏற்கவில்லை. குழந்தைகள் நடமாடும் கொட்டகையில் அது வேண்டாம் என்பது வேறு பேச்சு.

சனவரி 17, வெள்ளி

சாயம். நுரையை ஒதுக்கித் தனியே வைக்க வேண்டும், முடிந்ததும் திரும்பப் போடலாம். துணியைக் கசக்காமல், மடிப்பு ஒட்டாமல் இறக்கி, சில நிமிடத்தில் எடுக்க வேண்டும். வெளியே வரும்போது மஞ்சள்பச்சை, கண்ணெதிரே பச்சை திரும்பி நீலமாகும். நீரில் கரையாத நீலத்தை நொதிப்பு கரைய வைக்கிறது, காற்று பட்டதும் அது இழைக்குள்ளேயே மறுபடி கரையாததாகிவிடுகிறது.

ஓனிக்கோ துணியைத் தொட்டியிலேயே அமுக்கிப் பிசையலாம். எலெக்கோவில் அது நடக்காது, கஞ்சி இளகிவிடும். அதனால் சிறு முக்கு, முழுசாகக் காயவிடுதல், மறுபடி முக்கு. நீண்ட நேரம் ஊறவிட்டு ஒரே முக்கில் கருநீலம் எடுக்கப் பார்த்தால் கோலம் கரைந்துபோகும், ஏறிய நீலமும் மேலோட்டமாக நின்று கையில் ஒட்டும். கருநீலத்துக்குப் பத்து முறைக்கு மேலும் முக்க வேண்டிவரும்.

சனவரி 19, ஞாயிறு

காய்ந்த கஞ்சியை நனைத்துச் சுரண்டி, அலசி, நிழலில் உலர்த்தியாயிற்று. பிறகு மரக்கட்டையில் மடித்து வைத்து மரச்சுத்தியால் அடிப்பு. இதில்தான் மெருகு வரும்.

வாங்குபவர்களுக்கு: இப்போது சந்தையில் இறக்குமதி அச்சுத்துணி அடிரே என்ற பெயரில் ஏராளம். திருப்பிப் பாருங்கள். கஞ்சி ஒரு பக்கம் மட்டும் இருந்ததால் எலெக்கோவின் பின்புறம் ஏறக்குறைய ஒரே கருநீலமாக இருக்கும். முன்புறக் கோடு தூய வெள்ளையாக இராது, சாயம் கஞ்சிக்குள் கொஞ்சம் கசிவதால் வெளிர்நீலமாக இருக்கும். பளிச்சென்ற வெள்ளை என்றால் மெழுகு வேலை, அல்லது அச்சுத்துணி. முதல் சில அலசலுக்குச் சோப்பு வேண்டாம், மற்ற துணிகளோடு சேர்க்கவும் வேண்டாம்.