கரி ஒட்டாத ஓரம்: தோலிலும் ஸ்வேடிலும் லேசர் ஓட்டிப் பார்த்த இரண்டு மாதம்

வேலையை ஆரம்பித்த அன்று குறிப்பேட்டின் முதல் வரியாக ‘வெட்டுவது பத்து நிமிட வேலை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் பொய்யில்லை. கத்தியால் அரை நாள் உட்கார்ந்து அறுக்க வேண்டிய கொடி வேலைப்பாட்டை லேசர் சில நிமிடத்தில் வெட்டிக் கையில் கொடுத்துவிடுகிறது. ஆனால் வெட்டிய ஓரத்தில் கரியையும் சேர்த்துக் கொடுக்கிறது. மீதி நாளெல்லாம் அந்தக் கரியோடு மல்லுக்கட்டியதுதான்.

முதலில் என்னிடம் இருந்தது சிறிய நீல டையோடு லேசர். அதன் ஒளி 450 நானோமீட்டர். கறுப்புத் தோலில் நன்றாக ஏறியது. வெளிர் நிறத் தோலிலோ பாதி ஒளி திரும்பிப் போய்விட, அதே வேகத்தில் ஒரு கீறல்தான் விழுந்தது. பிறகு 40 வாட் கார்பன் டைஆக்சைடு லேசருக்கு மாறினேன். இதன் ஒளி 10.6 மைக்ரோமீட்டர். கண்ணுக்கே தெரியாத இந்த அகச்சிவப்புக் கதிரைத் தோல் எந்த நிறத்தில் இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். 1964இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கிய வகை இது. அறுபது ஆண்டு ஆகியும் தோல், மரம், துணி என்றால் இன்னும் இதைத்தான் தேடுகிறார்கள். மாறும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: நிறமில்லாத சாதாரண அக்ரிலிக் மூடி 10.6 மைக்ரோமீட்டர் கதிரைத் தடுத்துவிடும், நீல ஒளியை அப்படியே உள்ளே விடும். ஒரு கருவியின் மூடியை நம்பி இன்னொன்றைப் பார்க்கக் கூடாது.

முதல் வாரம் தாவரப் பதனீடு செய்த, அதாவது மரப்பட்டைச் சாறு போன்றவற்றில் பதப்படுத்திய, 2 மில்லிமீட்டர் தோலில் சாவிக்கொத்து. சின்னச் சின்னச் சதுரங்களாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் வேகத்தையும் பவரையும் மாற்றிப் பார்த்தேன். கதிரை உண்டாக்கும் என் லேசர் குழாய்க்கு வெட்ட 60 சதவீதம், விநாடிக்கு 12 மில்லிமீட்டர். பொறிப்புக்கு 18 சதவீதம், விநாடிக்கு 200 மில்லிமீட்டர், கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீட்டர் இடைவெளி. அதே 40 வாட் என்று எழுதியிருக்கும் இன்னொரு கருவியில் இது அப்படியே பொருந்தாது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடாதீர்கள். பொறிப்பு காப்பிப்பொடி நிறத்தில் அழகாக வந்தது. வாடைதான் சகிக்கவில்லை, முடியைப் பொசுக்கியது போல. புகையை வெளியே தள்ளும் குழாய் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

அந்தச் சதுரப் பலகையை வேதவாக்காக எடுத்துக்கொண்டது தப்பு. சோதனைத் துண்டு முதுகுப் பக்கத்துத் தோல், இறுக்கமானது. சாவிக்கொத்துக்கு எடுத்தது வயிற்றுப் பக்கம், தொளதொளவென்று இருக்கும். அதே அளவில் ஓட்டியதும் வெட்டு ஆழமாகப் போய், ஓரம் உள்ளே சுருங்கி, துண்டு ஓலை போலச் சுருண்டது. தோல் என்பது கொலாஜன் நார். சூடு பட்டால் அது சுருங்கி இறுகிவிடும், தாவரப் பதனீட்டுத் தோலுக்கு அதற்குப் பெரிய சூடு கூடத் தேவையில்லை. அதோடு, துண்டு சுருண்டு மேலே எழும்பினால் லென்ஸின் குவியமும் தப்பிவிடும், வெட்டு இன்னும் அகலமாகும். இப்போது தேன்கூடு போல ஓட்டை ஓட்டையான அடித்தட்டின் மேல் நான்கு பக்கமும் காந்தம் வைத்து அழுத்திப் பிடிக்கிறேன். ஒவ்வொரு தோலிலும், எந்த இடத்திலிருந்து வெட்டப் போகிறேனோ அந்த இடத்தின் ஓரத்திலேயே சோதனையும் போடுகிறேன்.

புகைக்கறைக்கு முதலில் மாஸ்கிங் டேப். நன்றாக ஒட்டும் டேப்பைப் போட்டு, உரிக்கும்போது மேல்தோலையே பிய்த்துக்கொண்டு வந்தேன். லேசாக மட்டும் ஒட்டும் காகித டேப் போதும். அதுவும் வெட்டும்போதுதான். பொறிக்கும்போது டேப் இருந்தால் அதுவே எரிந்து பசை உருகி உள்ளே இறங்குகிறது. ஏர் அசிஸ்ட், அதாவது கதிர் படும் இடத்தில் ஊதும் காற்று, வெட்டுக்கு நல்ல வேகமாக, பொறிப்புக்கு மெதுவாக. கீழ்ப்பக்கம் இன்னொரு தொல்லை: கதிர் தட்டில் பட்டுத் திரும்பி, தோலின் பின்புறத்தில் தேன்கூட்டையே அச்சடித்துவிட்டது. சின்ன ஆணிகள் மேல் தூக்கி வைத்ததும் அது போனது.

இடையில் ஒரு விபரீதம். துண்டுத் தோல் என்று ஒரு மூட்டை கைக்கு வந்தது. பார்த்தால் தோல், தொட்டாலும் தோல். ஒரு துண்டை ஓட்டியதும் மூக்கை அறுக்கும் வாடை. உடனே நிறுத்திவிட்டேன். செப்புக் கம்பியை நெருப்பில் காட்டி, சூடாக இருக்கும்போதே அந்தத் துண்டில் குத்தி, மறுபடி நெருப்பில் காட்டினேன். பளிச்சென்று பச்சைச் சுடர். குளோரின் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது, அதாவது பிவிசி. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். நுரையீரலுக்கும் கேடு, கருவியின் இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். ஒரே துண்டோடு தப்பித்தேன். இப்போது பெயர் தெரியாத எந்தத் துண்டும் செப்புக் கம்பியைத் தாண்டாமல் கருவிக்குள் போவதில்லை.

அப்புறம் காதணி. சரிகை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் தொங்கட்டான். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே 0.7 மில்லிமீட்டர் விட்டு வரைந்தேன். திரையில் கண்ணைப் பறித்தது. கையில் எடுத்தால் அப்பளம். இரண்டு பக்கமும் சூடு பட்டு நடுவில் இருந்த மெல்லிய தோல் முழுவதும் வெந்து, வளைத்தால் முறிந்தது. 1.5 மில்லிமீட்டராக அகட்டியதும் நின்றது. மெதுவாக ஒரே முறை வெட்டுவதை விட வேகமாக இரண்டு முறை ஓட்டினால் கரி குறைகிறது. உள் ஓட்டைகளை முதலில் வெட்டி, வெளிக் கோட்டைக் கடைசியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டு முன்பே கழன்று நகர்ந்து, ஓட்டைகள் இடம் மாறி விழும். தோலை லேசாக ஈரப்படுத்தி வெட்டினால் கருகல் குறையும் என்று சொல்வார்கள். குறைகிறது. ஆனால் ஈரத்தில் உப்பிய தோல் காய்ந்ததும் கொஞ்சம் சிறுத்துவிடுகிறது. தொங்கட்டானுக்குப் பரவாயில்லை, இரண்டு துண்டு பொருந்த வேண்டிய பைக்குச் சரிப்படாது.

தையல் துளையில்தான் நான் அதிகம் மகிழ்ந்தேன், அதிகம் ஏமாந்ததும் அதில்தான். நாலு மில்லிமீட்டர் இடைவெளியில் நூல் பிடித்தது போல வரிசையாக விழுகிற துளைகளைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் குத்தூசியால் போடும் துளை கீறல்தான், நூல் போனதும் தோல் அதைச் சுற்றி மூடிக்கொள்ளும். லேசர் துளையில் தோலே ஆவியாகிப் போய்விடுகிறது, மூட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஒரு மில்லிமீட்டர் என்று வரைந்தது வெட்டின் அகலமும் சேர்ந்து 1.2 ஆக வந்து, மெழுகு நூல் உள்ளே ஆடியது. வெட்டின் அகலத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: பத்துப் பட்டையை அடுத்தடுத்து வெட்டி, நெருக்கி வைத்து, மொத்த அகலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, வெட்டின் எண்ணிக்கையால் வகுப்பது. எனக்கு 0.2 வந்தது. இப்போது துளையை 0.6 என்று வரைகிறேன், கைக்கு 0.8 வருகிறது, நூல் இறுக்கமாக உட்காருகிறது.

ஐந்தாவது வாரம் ஸ்வேட். இதற்காகத்தான் முழு வேலையையும் ஆரம்பித்தேன். தோலின் உட்பக்கத்தைத் தேய்த்துப் பஞ்சு எழுப்பியது ஸ்வேட். மேல்பக்கத்தைத் தேய்த்தால் அது நூபக். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்வேடில் பெரும்பாலானது குரோம் பதனீடு, அதாவது குரோமிய உப்பில் பதப்படுத்தியது. வெட்டிய ஓரத்தின் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். அதில் இருக்கும் குரோமியம் சாதாரணமாக சாது. கடும் சூட்டில் அது நச்சு வடிவத்துக்கு மாறும் வாய்ப்பு உண்டு. அதனால் காதில், கழுத்தில் படும் பொருளுக்கு லேசரில் வெட்டிய குரோம் தோலை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மிகையான பயமாக இருக்கலாம், இருக்கட்டும்.

பைக்கு ஒரு குஞ்சம் வெட்டினேன். 1 மில்லிமீட்டர் ஸ்வேட், 38 சதவீதம், விநாடிக்கு 28 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் பட்டைகள். அசைந்தால் அத்தனை அழகு. வெள்ளைத் துணியில் பத்து முறை தேய்த்தேன். பென்சில் பெட்டியைத் துடைத்த துணி போல ஆனது. வழவழப்பான தோலாக இருந்தால் சோப்பும் ஈரத்துணியும் போதும். ஸ்வேடில் ஈரத்துணி வைத்தேன், கரி பஞ்சுக்குள் இறங்கிக் குடியேறிவிட்டது. உலர்ந்த பிரஷும், அழிப்பான் போலத் தேய்க்கும் கிரேப் ரப்பரும் பாதியை எடுத்தன. மீதிப் பாதி தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. குஞ்சத்தில் எல்லாமே ஓரம்தானே! அடுத்து பஞ்சுப் பக்கத்தில் டேப் ஒட்டிக் கவிழ்த்து வைத்துப் பின்புறமாக வெட்டிப் பார்த்தேன். மேல்பக்கம் சுத்தமாக வந்தது. ஆனால் படத்தைத் திருப்பிப் போட மறந்து, எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக நின்றது.

பொறிப்பு மட்டும் எதிர்பாராமல் நன்றாக வந்தது. பஞ்சின் நுனி மட்டும் பொசுங்கினால் போதும். பவரைக் குறைக்கலாம் என்றால் என் குழாய் 10 சதவீதத்துக்குக் கீழே ஒழுங்காக எரியாது. அதனால் பவரை 12இல் விட்டு, வேகத்தை 400க்கு ஏற்றி, தலையை 4 மில்லிமீட்டர் உயர்த்திக் குவியத்தை வேண்டுமென்றே கலைத்தேன். கோடு மங்கலாக, நிழல் விழுந்தது போல வந்தது. கையால் ஒரு பக்கம் நீவினால் இலை தெரியும், எதிர்ப்பக்கம் நீவினால் பாதி மறையும். பிரஷ் போட்ட பிறகு வெள்ளைத் துணியில் லேசான பழுப்புதான், கறுப்பு இல்லை.

அப்போதுதான் வழி புரிந்தது: ஸ்வேடின் ஓரத்தை வெளியே காட்டாமல் இருந்தால் என்ன? கைப்பையின் மூடிக்கு 1.6 மில்லிமீட்டர் தாவரப் பதனீட்டுத் தோலில் இலை வடிவச் சாளரங்களை வெட்டினேன். ஒவ்வொரு சாளரத்தின் ஓரத்தையும் காதுக்குச்சியில் சோப்புத் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் அக்ரிலிக் பூச்சு ஒரு கை கொடுத்தேன். நாற்பத்தி இரண்டு சாளரம், ஒரு மாலை முழுக்கப் போனது. அடியில் ஸ்வேடை ஒட்டிச் சுற்றித் தையல். அந்த ஸ்வேடைச் சுற்றி 8 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, வெறும் கத்தரிக்கோலால் வெட்டினேன். லேசருக்கே அங்கே வேலை இல்லை. பூச்சு கொடுக்கும் முன்பு ஒட்டிவிடக் கூடாது. முதல் மாதிரியில் அப்படிச் செய்து, பூச்சு பஞ்சில் இறங்கி மூன்று இலைகள் மொட மொட என்று விறைத்துப் போயின.

மூடியை நேற்று வெள்ளைத் துணியில் பத்து முறை தேய்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது. வாடை மட்டும் இன்னும் இருக்கிறது, பையைத் திறந்து காற்றாட வைத்திருக்கிறேன். குஞ்சத்தை ஸ்கேல் வைத்துக் கத்தியாலேயே வெட்டி மாட்டிவிட்டேன், பட்டைகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் கோணல். லேசரில் வெட்டிய பழைய குஞ்சம் மேசை ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு வாரமும் எடுத்துத் துணியில் தேய்த்துப் பார்க்கிறேன், இன்றைக்கும் சாம்பல் நிறம்தான்.