முட்டை கிடந்தது, ராணி இல்லை

ஐந்தாம் தேனீப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்றாம் பெட்டியோடு சேர்த்தாயிற்று. ஏழு வாரம் மல்லுக்கட்டியதற்கு ஒரு கூட்டம் குறைந்ததுதான் மிச்சம்.

ஏப்ரல் கடைசியில், ரப்பர் மரத்துத் தேன் வரத்து ஓயும் நேரத்தில் கடைசியாகத் தேன் எடுத்தேன். அன்றே ராணி போயிருக்க வேண்டும். காரணம் என் கஞ்சத்தனம். ராணி தேன் அறைக்கு ஏறாமலிருக்க, முட்டையும் புழுவும் இருக்கும் கீழ் அறைக்கு மேலே வைக்கும் ராணித் தடுப்பை இந்த வருஷம் மலிவாகக் கிடைத்த கடையில் வாங்கினேன். இடைவெளி இத்தாலியத் தேனீக்கான அளவு. நம்ம நாட்டு ராணி சின்னது, சுலபமாக நுழைந்து தேன் அறைக்கு ஏறிவிடும். தேன் எடுக்க அடைச் சட்டங்களை உதறும்போது எங்கேயோ விழுந்திருக்கிறது. கடையில் கேட்டால், "எல்லாரும் இதைத்தானே கொண்டு போறாங்க" என்கிறார்கள்.

ஒரு வாரத்தில், ராணி போனதும் புது ராணி வளர்க்கத் தேனீக்கள் கட்டும் அவசர ராணி அறைகள் மூன்று தெரிந்தன. சரி, அதுகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். மே முதல் பாதி முழுக்க மதியம் இரண்டு மணியானால் இடியும் மழையும். கன்னி ராணி இணை சேரப் பறப்பதும் ஏறக்குறைய அதே நேரம்தான். பறந்தது திரும்பவில்லை போல.

மே 23 அன்று திறந்தால் அடையின் சிற்றறைகளில் முட்டை! ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "ஒரு அறையில எத்தன கெடக்கு மக்கா?" என்றார். அதை யார் பார்த்தது?

மறுநாள் பார்த்தேன். செல்போன் வெளிச்சம் இதற்கு உதவாது, மெழுகில் பட்டுக் கண்ணைக் கூசும். காலை வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து அறையின் அடிவரை இறங்குகிற மாதிரி சட்டத்தைச் சரித்துப் பிடிக்க வேண்டும். பழைய கறுத்த அடையாக இருந்தால் இன்னும் நல்லது. ஓர் அறையில் மூன்று முட்டை, பக்கத்தில் இரண்டு, அடுத்தது காலி. பாதி முட்டை சுவரில் ஒட்டிக் கிடந்தது. ராணிக்கு வயிறு நீளம், அடியின் நடுவில் ஒன்றே ஒன்றை நட்டு வைத்தாற்போல் இடும். ராணி இல்லாமல் போனால் வேலைக்காரத் தேனீயும் முட்டையிடும், ஆனால் அதற்கு அவ்வளவு தூரம் எட்டாது. புது ராணியும் முதல் சில நாள் இரண்டிரண்டாக இடுவதுண்டு, அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, இடத்தையும் பார்க்க வேண்டும். இதில் நான் ஒரு வாரம் ஏமாந்தேன். ஜூன் முதல் வாரத்தில் வேலைக்கார அறைகளில் மூடிகள் குமிழ் குமிழாக எழும்பி, நடுவில் ஊசிமுனைத் துளையோடு நின்றன. அத்தனையும் ஆண் தேனீ; இணை சேராத வேலைக்காரி இடும் முட்டை அப்படித்தான் வரும்.

தெரிந்தவர் ஒருவர், புது ராணி வளர்க்க, தன் பெட்டியிலிருந்து ராணி இட்ட முட்டை உள்ள சட்டம் தருகிறேன் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் நோய் வந்து வீட்டுப் பெட்டியெல்லாம் காலியானதைக் கண்ணால் கண்டவர். "வெளி அடைய நம்ம விளைக்குள்ள கேற்றாத" என்று முடித்துவிட்டார். இந்த மழையில் புது ராணி வளர்த்தாலும் என்ன பயன்? மற்ற பெட்டிகளில் ஆண் தேனீக்களை வேலைக்காரிகளே விரட்டியாயிற்று, எல்லாம் சிரட்டையில் ஊற்றும் சர்க்கரைப் பாகில்தான் ஓடுகிறது.

ஆகவே, சேர்ப்பதுதான் வழி. தினமும் இருட்டிய பிறகு இரண்டடி இரண்டடியாக நகர்த்தி ஐந்தாவதை மூன்றாவதன் பக்கம் கொண்டுவந்தேன். மூன்றாவதன் ராணியைக் கொசுவலைக் கம்பியில் சுருட்டிய கூண்டில் அடைத்தேன். முட்டையிடப் பழகிய வேலைக்காரிகள் ராணியைக் கொன்றுவிடும் என்ற பயம்தான். இரண்டு கூட்டமும் உடனே மோதாமலிருக்க நடுவில் ஒற்றைத் தாள் செய்தித்தாள், குண்டூசியால் பத்துப் பன்னிரண்டு துளை. மேலே ஐந்தாவதன் அறை. இன்று காலை வாசல் பலகையில் காகிதத் துகள், முப்பது நாற்பது செத்த தேனீ. பெரிய சண்டை இல்லை.

ராணி இன்னும் கூண்டில்தான். மழை விட்டால் நாளைக்குத் திறந்துவிடுவேன். கார்த்திகையில் மூன்றாவதையே பிரித்து ஐந்தாவதை நிரப்ப வேண்டும். அதற்குள் இடைவெளியை அளந்து பார்த்து வேறு தடுப்பு வாங்க வேண்டும். பழையதைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருக்கிறேன்.