ஒடித்துத் திருப்பினால் மட்டும் பின்பக்கம் உதறும் வண்டி: இதுவரை பார்த்தது

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டீசல் எஸ்யூவி. மேனுவல் கியர், பின்சக்கர இயக்கம், தேவைப்பட்டால் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டுக்கொள்ளலாம். நேர் ரோட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கிங்கிலோ யூ டர்னிலோ ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினால் பின்பக்கத்தில் 'டுர்ர்ர்' என்று ஒரு உதறல், அதுவும் கொஞ்ச தூரம் ஓடிச் சூடான பிறகு அதிகம். விசாரித்த இடத்திலெல்லாம் முதல் பதில் கிளட்ச் பிளேட், அடுத்த பதில் முன் ஆக்சில் ஜாயின்ட். இரண்டுமே செலவு பிடிக்கிற வேலை என்பதால், எதையும் கழற்றுவதற்கு முன்னால் எது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தேன்.

கிளட்ச்சுக்கு ஒரு நிமிடம் போதும். காலி மைதானத்தில் மெதுவாக வட்டமடிக்கும்போதே கிளட்ச்சை முழுக்க மிதித்து வண்டியைத் தானாக உருளவிட்டேன். உதறல் குறையவே இல்லை. இன்ஜின் இழுவை சக்கரத்துக்குப் போகாதபோதும் உதறுகிறது என்றால் கிளட்ச் மேல் பழி போட வழியில்லை. காசே செலவாகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் முன்பக்கம். சிவி ஜாயின்ட் (சக்கரம் திரும்பியிருந்தாலும் இழுவையைக் கொண்டுசேர்க்கும் இணைப்பு) போனால் திருப்பும்போது 'டக் டக்' என்று தனித்தனியாகச் சத்தம் வரும், இங்கே அது இல்லை, அதை மூடியிருக்கும் ரப்பர் உறையும் கிழியவில்லை. 4எச் விடுபடாமல் மாட்டியிருந்தாலும் காய்ந்த ரோட்டில் ஒடிக்கும்போது வண்டி இழுத்துப் பிடித்துக் குதிக்கும், அதனால் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, 2எச்-ல் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) கியர் போட்டு வைத்து, முன் ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். தாராளமாகச் சுற்றியது. டயர் நான்கும் ஒரே சைஸ், காற்றும் சரி.

மிச்சம் இருந்தது பின் ஹவுசிங், அதாவது இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் டிஃபரன்ஷியல் இருக்கிற கூடு. பின்சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரலில் ஒரு சக்கரத்தைச் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியலில் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். என்னுடையதில் இரண்டும் ஒரே பக்கம் சுற்றின. அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றுவதைத் தனக்கென்று உள்ள கிளட்ச் தட்டுகளால் ஓரளவு கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி. (ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு இன்ஜினில் கியர் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம், தரையில் இருக்கிற சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.)

உதறல் எங்கே பிறக்கிறது என்பது இங்கேதான் புரிந்தது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று வைத்தால், ஒரு முழு வட்டத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 9.4 மீட்டர் அதிகம் ஓட வேண்டும், வட்டம் பெரிதோ சிறிதோ கணக்கு அதேதான். ஒரு யூ டர்னுக்கு அதில் பாதி, ஏறக்குறைய சக்கரத்தின் இரண்டு சுற்று. அந்த வித்தியாசத்துக்கு எல்எஸ்டி தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கொடுக்க வேண்டும். தகுந்த ஆயில் இல்லாவிட்டால் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும், அந்த ஒட்டலும் விடலும்தான் நமக்கு உதறலாகத் தெரிகிறது. ஒட்டவிடாமல் வழுக்க வைப்பது ஆயிலில் சேர்க்கும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர்.

வண்டியோடு வந்த பழைய சர்வீஸ் பில்லை எடுத்துப் பார்த்தால் வெறும் '90 கியர் ஆயில்' என்றுதான் இருக்கிறது. டின்னில் ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தர வகை) என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, எல்எஸ்டிக்கு ஏற்றது என்றும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடிஃபையரைத் தனியாக வாங்கி ஊற்ற வேண்டும்.

ஆயிலை மாற்ற, முதலில் ஹவுசிங்கில் மேலே உள்ள ஊற்றும் மூடியைக் கழற்றினேன், அது கழலாமல் போனால் கீழே ஆயிலை வடித்துவிட்டு முழிக்க வேண்டிவரும். வடிமூடியின் காந்தத்தில் மாவு மாதிரி சாம்பல் நிறப் பசை, அது இருப்பதுதான். இரும்புச் சில்லுகள் இல்லாதது நிம்மதி. எல்எஸ்டி ஆயிலை ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்பிவிட்டு, மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டுக்கொண்டே இருந்தேன், தட்டுகளுக்கு இடையில் ஆயில் போய்ச் சேர வேண்டுமே. கொஞ்சம் கொஞ்சமாக உதறல் அடங்கியது.

இப்போது முன்னால் போகும்போது சுத்தமாக இல்லை. நன்றாகச் சூடான பிறகு முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் லேசாக ஒரு முனகல் மிச்சம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து, அதுவும் போகாவிட்டால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி நியூட்ரலில் டார்க் ரென்ச் (திருப்பும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) போட்டு, எவ்வளவு விசைக்குத் தட்டுகள் வழுக்க ஆரம்பிக்கின்றன என்று அளந்து மேனுவலோடு ஒப்பிட வேண்டும். ஹவுசிங்கைப் பிரிப்பதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகுதான்.