மூக்கோரத்தில் ஒரு கசிவு

காலையில் எங்கள் ஆய்வகத்தில் முதல் பரீட்சை காற்றுக்குத்தான். மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய சிரிஞ்சை மூச்சை அளக்கும் கருவியில் பொருத்தி, மெதுவாக ஒருமுறை, நிதானமாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை என்று இழுத்துத் தள்ள வேண்டும். எந்த வேகத்தில் தள்ளினாலும் கருவி மூன்று லிட்டர் என்றே சொல்ல வேண்டும். அடுத்தது வாயு உருளை. அதில் ஆக்சிஜன் 16 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம், மிச்சம் நைட்ரஜன். நாம் வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ இந்தக் கலவையில்தான் இருக்கும். கடைசியாக வெளிக்காற்று: ஆக்சிஜன் 20.93 சதவீதம். கடற்கரைக்குப் போனாலும் மலையுச்சிக்குப் போனாலும் இந்த விகிதம் மாறாது. மலையில் குறைவது அழுத்தம் மட்டுமே. ஆனால், கதவை அடைத்துக்கொண்டு நான்கைந்து பேர் அரட்டை அடித்தால் அந்த அறையில் மாறிவிடும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம், ஜன்னலைத் திறந்து வை என்பதுதான்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று உறவினர்கள் கேட்டால், "ஆட்களை ஓடவிட்டு மூச்சை அளக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். உடற்பயிற்சி உடலியங்கியல் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "அப்படியென்றால் ஜிம்மா?" என்று வரும். உண்மையில் கைப்பிடி வலிமை, தோல்மடிப்புத் தடிமன், நுரையீரல் கொள்ளளவு என்று நாள் முழுக்கச் சின்னச் சின்ன அளவீடுகள் இருக்கும். விங்கேட் சோதனை உள்ள நாள் மட்டும் கொஞ்சம் பரபரப்பு. உடல் எடையில் 7.5 சதவீத அளவுக்குச் சுமையை ஏற்றிவிட்டு, 30 விநாடி தலைதெறிக்க சைக்கிள் மிதிக்கச் சொல்வோம். பக்கத்தில் ஒரு வாளி வைத்திருப்போம். எதற்கு என்று முதல்முறை வருகிறவர்கள் கேட்பார்கள். இரண்டாம் முறை வருகிறவர்கள் கேட்பதில்லை.

ஆனாலும் எங்கள் வேலையின் நடுநாயகம் உச்ச ஆக்சிஜன் அளவுச் சோதனைதான். டிரெட்மில்லில் ஓடவிட்டு, படிப்படியாக வேகத்தையும் சரிவையும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குமேல் உழைப்பு கூடினாலும் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கூடாது. இப்படி ஒரு கூரை இருக்கிறது என்று 1923இல் ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஏ.வி. ஹில்லும் ஹார்ட்லி லப்டனும் எழுதினார்கள். ஹில் தாமே ஓடித் தம்மையே அளந்துகொண்டவர். மூச்சைப் பிடித்து வைக்க அவர் பயன்படுத்தியது 1911இல் டக்ளஸ் அறிமுகப்படுத்திய பை. ஒரு நிமிட மூச்சைப் பையில் பிடித்து, அதன் அளவையும் கலவையையும் பிறகு தனியாகப் பார்ப்பார்கள். எங்கள் ஆய்வகத்தின் மூத்தவர் அந்தப் பையில் வேலை பழகியவர். கணினித் திரையில் ஒவ்வொரு மூச்சும் ஒரு புள்ளியாக விழுவதை அவர் எப்போதும் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். "பை பொய் சொல்லாது. ஓட்டை இருந்தால் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்" என்பார். பழைய காலத்து ஆள் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பு ஒரு நாள் அடங்கியது.

அன்று வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது, 1500 மீட்டர் ஓடுகிறவர். சோதனை பிசிறில்லாமல் போனது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 196. ஓட்டம் முடிந்து எடுத்த ரத்தத்தில், கடும் உழைப்பில் தசைகளில் உருவாகும் லாக்டேட் லிட்டருக்கு 11 மில்லிமோல். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கும் ஆக்சிஜனால் வகுத்துக் கிடைக்கும் சுவாச விகிதம் 1.17. ஒருவர் உண்மையிலேயே உச்சத்தைத் தொட்டாரா என்று பார்க்கும் அளவுகோல்கள் எல்லாவற்றிலும் தேறிவிட்டார். கிடைத்த எண் மட்டும் 52. அதாவது, ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 52 மில்லிலிட்டர் ஆக்சிஜன். உடம்பை ஒழுங்காகப் பேணும் ஓர் இளைஞருக்கு நல்ல எண்; அந்தத் தூரத்தைப் போட்டியில் ஓடுகிறவருக்குப் போதாது. எனக்கும் உறுத்தியது. ஆனால் மற்ற எல்லாம் சரியாக இருக்கிறதே என்று உறுத்தலை ஒதுக்கிவிட்டேன். பயிற்சியாளர் மாலையே தொலைபேசியில் கேட்டார். சொல்லிவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து மூத்தவர் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் முதலில் பார்க்கும் கடைசி வரியை அவர் பார்க்கவில்லை. மேலே, உடலைச் சூடேற்றும் ஓட்டத்தின் வரியில் விரலை வைத்தார். சமதளத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் ஓட யாராக இருந்தாலும் 36, 37 மில்லிலிட்டர் வாக்கில் ஆக்சிஜன் வேண்டும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். தாளில் இருந்தது 31.

"இவ்வளவு சிக்கனமாக ஓடுகிறவன் இந்நேரம் உலக சாதனையோடு அல்லவா இருக்க வேண்டும்? இங்கே எப்படி வந்தான்?" என்றார்.

கசிவு. மூச்சைக் கருவிக்குக் கொண்டுபோக முகத்தில் மாட்டும் மாஸ்க் மூக்கின் மேடு வழியாகக் கசிந்திருக்கிறது. அந்தத் தம்பிக்கு ஒடுங்கிய முகம். நான் மாட்டியது நடுத்தர அளவு. சோதனைக்கு முன் மாஸ்க்கின் வாயை உள்ளங்கையால் அடைத்து ஊதச் சொல்லிப் பார்த்தேன். அப்போது கசியவில்லை, ஏனென்றால் அப்போது அவர் தாடையை இறக்காமல் நின்றிருந்தார். ஓடும்போது தாடை தொங்கும், கன்னம் இழுபடும், மாஸ்க் அரை விரற்கடை கீழே இறங்கும். வெளிவிடும் மூச்சில் ஏழில் ஒரு பங்கு அளவுமானியைத் தொடாமலே அந்த இடுக்கு வழியாகப் போயிருக்கிறது.

எனக்கு ஆறாதது வேறொன்று. சுவாச விகிதம் சரியாக இருக்கிறது என்றுதானே நான் நிம்மதியாக இருந்தேன்? கசிவு ஆக்சிஜன் கணக்கிலும் கார்பன் டை ஆக்சைடு கணக்கிலும் ஒரே பங்கைத் திருடுகிறது. ஒன்றை ஒன்றால் வகுத்தால் திருட்டே தெரியாது. இதயத்துடிப்புக்கும் லாக்டேட்டுக்கும் மாஸ்க்கோடு சம்பந்தமே இல்லை. நான் சாட்சிக்குக் கூப்பிட்ட மூவருமே சம்பவ இடத்தில் இல்லாதவர்கள். அன்றிலிருந்து யாருடைய தாள் வந்தாலும் உச்ச எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, மெதுவான ஓட்டத்தின் வரிகளைத்தான் முதலில் படிக்கிறேன். அங்கே சரியாக இருந்தால்தான் கையை எடுப்பது.

டிரெட்மில்லின் கைப்பிடி இன்னொரு திருடன். இதய நோய்ப் பிரிவிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறையைத்தான் பின்பற்றுவோம். மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீதச் சரிவில் தொடக்கம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏறும், சரிவும் ஏறும். எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தார் என்பதை வைத்து ஆக்சிஜன் அளவைக் கணக்கிட்டுவிடலாம் என்பது அதன் வசதி. கைப்பிடியில் சாய்ந்து நடந்தால் அந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். உடல் எடையில் ஒரு பகுதியைக் கை தாங்கிக்கொள்ள, கால் நோகாமல் நிமிடங்கள் ஏறும்.

ஒரு பெரியவர் இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு பத்து நிமிடத்தைத் தாண்டி நடந்தார். "கையை விட்டுவிடுங்கள் ஐயா" என்றேன். "விட்டால் விழுந்துவிடுவேன்" என்றார். சமநிலைக்கு இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்து, வேறொரு நாள் மறுபடியும் நடக்கவைத்தோம். ஏழு நிமிடத்தில் நின்றார். முதல் நாள் தாளையும் இரண்டாம் நாள் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் அன்று நடந்தது என் கைதானா?" என்று கேட்டார். இதைவிடச் சுருக்கமாக எனக்கும் விளக்கத் தெரியாது.

220இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. உச்ச இதயத்துடிப்பை அதை வைத்து முடிவு செய்கிறவர்கள் ஏராளம். ஒரே வயதுள்ளவர்களுக்கிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் வெகு சாதாரணம். சூத்திரம் சொன்ன எண்ணில் 85 சதவீதத்தைத் தொட்டுவிட்டார் என்று ஒருவரை நிறுத்தி இறக்கிவிடுவது, பாதிப் படத்தில் விளக்கைப் போடுவது மாதிரி. 2001இல் டனாக்காவும் சகாக்களும் 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். அது சற்று மேல். அதுவும் ஆளைப் பார்த்துச் சொல்வதில்லை.

லாக்டேட் எடுப்பதை முதன்முதலில் பார்க்கிறவர்கள் ஊசி குத்துவதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். குத்துவது ஒரு நொடி. துடைப்பதுதான் வேலை. வியர்வையில் லாக்டேட் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கும். ஓடி முடித்தவரின் விரல் நுனியோ சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். விரலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, குத்தி, வருகிற முதல் துளியைத் துடைத்தெறிந்துவிட்டு, இரண்டாவது துளி தானாக உருண்டு திரள்வதற்குக் காத்திருக்க வேண்டும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். எதிரே மூச்சு வாங்க நிற்கும் ஆளின் கை நடுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பதினைந்து விநாடி, ஒரு கையால் அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ரத்தத் துளியைத் தொட்டெடுக்கும் சோதனைப் பட்டையை வைத்துக்கொண்டு, மிளகளவு சிவப்பு திரள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்த நேரம். அப்போது யாரும் பேசுவதில்லை.

பேச்சுதான் என் அடுத்த தலைவலி. சோதனையின்போது ஓடுகிறவரை உற்சாகப்படுத்துவோம். அடிக்கடி உற்சாகப்படுத்தினால் கூடுதல் நேரம் ஓடுகிறார்கள் என்று ஆய்வுகளே சொல்கின்றன. அப்படியென்றால் என் குரலும் ஒரு கருவிதான். சிரிஞ்சுக்கும் உருளைக்கும் தினமும் கையெழுத்துப் போடப் பதிவேடு இருக்கிறது, குரலுக்கு இல்லை. நான் களைத்திருக்கும் மாலையில் வருகிறவருக்கு ஒரு குரல், காலையில் வருகிறவருக்கு ஒரு குரல்.

இது எனக்கு உறைத்தது ஓர் அம்மாவால். மாரடைப்பு வந்து மீண்டவர். பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அதனால் அவர்கள் சொல்லும் சிரமத்தின் அளவைத்தான் நாங்கள் பெரிதும் நம்புவோம். குன்னார் போர்க் வகுத்த அட்டவணை 6இல் தொடங்கி 20இல் முடியும். அதைப் பத்தால் பெருக்கினால் உத்தேசமாக இதயத்துடிப்பு வரும் என்பதால்தான் இந்த விசித்திரத் தொடக்கம். அட்டவணையை அவர் முன் நீட்டினேன். 11இல் விரல் வைத்தார், அதாவது லேசான சிரமம்தான். அடுத்த கட்டம் ஏற்றினோம். மறுபடியும் 11. முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது, தோள் காதுவரை ஏறியிருந்தது. பெல்ட்டை நிறுத்திவிட்டேன்.

உட்காரவைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, இசிஜியில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, "ஏன் அம்மா 11 என்றே சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நிமிடமும் பிரமாதம், பிரமாதம் என்று சொன்னீர்கள். முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?" என்றார்.

அதற்குப் பிறகு நோயாளிகளிடம் பாராட்டே கிடையாது. "எப்படி இருக்கிறது? நெஞ்சில் ஏதாவது தெரிகிறதா? நிறுத்தலாமா?" என்ற மூன்று கேள்விகள், ஒரே தொனியில். விளையாட்டு வீரர்களுக்கு ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: எந்த நிமிடத்தில் என்ன சொல்வது, எத்தனை விநாடிக்கு ஒருமுறை சொல்வது. இளையவர்கள் அதைத் தேவாரம் ஓதுவது போல் ஓதுகிறார்கள் என்று மூத்தவர் கிண்டல் செய்தார். செய்யட்டும். யார் ஓதினாலும் ஒரே தேவாரமாக இருக்கிறது அல்லவா?

கசிவைக் கண்டுபிடித்த மறுநாள் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். பயிற்சியாளரிடமும் சொன்னேன். அவர் பேசிய விதத்தை இங்கே எழுத வேண்டியதில்லை, நியாயமாகத்தான் பேசினார். மறுசோதனைக்குச் சின்ன அளவு மாஸ்க் மாட்டினோம். தாடையை இறக்கி, வாயைத் திறந்து, மூச்சு வாங்குவது போல ஊதச் சொல்லிச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தேன். சூடேற்றும் ஓட்டத்தில் 36. சுவரில் இருந்த தாளை இன்னொருவர் படிக்க, நான் லாக்டேட்டுக்கு மட்டும் நின்றேன். கடைசி எண் 61.

பழைய தாளைக் கிழிக்கவில்லை. குறுக்கே சிவப்பு மையில் 'மாஸ்க் கசிவு, பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கோப்பிலேயே வைத்தேன். தம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அதை எட்டிப் பார்த்தார்.

"அப்படியானால் இந்த ஐந்து வாரமும் நான் 52க்காரனுடைய பயிற்சியைத்தான் செய்தேனா சார்?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசையில் கிடந்த அந்த நடுத்தர அளவு மாஸ்க்கை எடுத்தார். முகத்தில் வைத்து, அதன் வாயை உள்ளங்கையால் அடைத்து, தாடையை நன்றாக இறக்கி ஊதினார். மூக்கோரத்தில் காற்று சீறியது. கையை எடுத்து மாஸ்க்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் வைத்து ஊதினார்.